எல்லோரும் உறவு என்றால் யார் உறவு?

கூடி வாழும் சிலந்திகளின் மரபணுவை ஆராயப் புகுந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம். ஒரு கூட்டிலிருந்து இருபது சிலந்திகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எது எதற்கு அக்கா, எது எதற்கு மகள் என்று பார்க்க முயன்றால், பெரும்பாலும் இருபதுக்கும் ஒரே விடைதான் வரும். வேறுபாடு இருந்தால்தானே யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியும்? பறவைக் கூடுகளில் எந்தக் குஞ்சுக்கு எது தகப்பன் என்று துல்லியமாகக் காட்டிக்கொடுத்த அதே சோதனை, இந்த எட்டுக்கால் பூச்சிகளிடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. (பூச்சி என்பது பேச்சு வழக்கு, சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல என்பதைச் சொல்லாமல் விட்டால் பள்ளிப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்.) அது ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்று துருவித் துருவிக் கேட்டதில்தான் இந்தச் சிலந்திகளைப் பற்றி நாம் அறிந்ததில் பாதி கிடைத்தது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் இனத்திலிருந்தே தொடங்கலாம். பெயர் ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம். 1880-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து இலங்கைக்கு வந்து உயிரினங்களைச் சேகரித்த பால் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரு உறவினர்களின் பெயரைத் தாங்கியது இது. அவர்கள் கொண்டுபோன மாதிரிகளை ஆராய்ந்து, ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் கார்ஷ் 1890-களின் தொடக்கத்தில் இதற்குப் பெயரிட்டார். இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றிலும் உண்டு. வறண்ட நிலத்து முட்புதர்களிலும் வேலிகளிலும் சாம்பல் நிறத்தில், காய்ந்த இலைச் சருகும் தின்று போட்ட பூச்சிகளின் ஓடும் ஒட்டிய ஒரு திரளாகத் தொங்கும் அதன் கூட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஏதோ பழைய ஒட்டடை என்று நினைத்து நகர்ந்திருப்பார்கள். உள்ளே பல வழிகளும் அறைகளுமாக நூற்றுக்கணக்கில்கூட சிலந்திகள் இருக்கலாம். கூட்டிலிருந்து நாலாபுறமும் விரிந்த வலையில் பெரிய வெட்டுக்கிளி விழுந்தால், ஒன்று கடிக்க, இன்னொன்று இழுக்க, மற்றவை வந்து சேர, எல்லாம் கூடி அதை உள்ளே கொண்டுபோகும்.

உலகில் 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் வாழ்நாள் முழுவதும் ஒரே கூட்டில் ஒத்துழைத்து வாழ்பவை சுமார் 25 மட்டுமே. மற்றவற்றுக்கு இன்னொரு சிலந்தி என்றால் இரை, அல்லது எதிரி, அல்லது ஜாக்கிரதையாக அணுக வேண்டிய துணை. ஸ்டெகோடைஃபஸ் பேரினத்தில் கூடி வாழ்பவை மூன்று: நம்முடைய சரசினோரம், தென் ஆப்பிரிக்கப் பகுதியின் டுமிகோலா, ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உள்ள மிமோசாரம். மூன்றும் ஒரே மூதாதையிடமிருந்து இந்தப் பழக்கத்தைப் பெற்றவை அல்ல, தனித்தனியாக மூன்று முறை கூட்டு வாழ்க்கைக்கு வந்து சேர்ந்தவை என்று 2007-இல் யெஸ் யோஹானசென், யேல் லூபின் உள்ளிட்டோர் டி.என்.ஏ. ஒப்பீட்டின் மூலம் காட்டினார்கள்.

எறும்புகளிலும் தேனீக்களிலும் இருப்பதுபோல இங்கே ராணி கிடையாது. உடலமைப்பில் எல்லாப் பெண்களும் முட்டையிடக்கூடியவை. ஆனால் டுமிகோலா கூட்டில் பாதிக்கும் குறைவான பெண்களே முட்டையிடுகின்றன. மற்றவை இணைசேராமலே செவிலித் தாய்களாகின்றன. குஞ்சுகளுக்குத் தம் வயிற்றிலிருந்து உணவைக் கக்கி ஊட்டுகின்றன. கடைசியில் அந்தக் குஞ்சுகள் தாயைத் தின்னும். பெறாத செவிலியையும் தின்னும். இணைசேராத பெண்கள் இப்படித் தம்மையே கொடுத்துவிடுவதை 2017-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரீனெ பில்டெயின் குழு விவரமாகப் பதிவு செய்தது.

தன் வாரிசு இல்லாத ஒன்றுக்காக ஓர் உயிர் ஏன் உடலைக் கொடுக்க வேண்டும்? 1964-இல் வில்லியம் ஹாமில்டன் இதற்கு ஒரு கணக்கு தந்தார். உதவி பெறுபவர் நெருங்கிய உறவாக இருந்தால், உதவுபவரின் மரபணுக்கள் அந்த உறவின் வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும். உறவின் நெருக்கத்தால் பெருக்கிய லாபம் நட்டத்தைவிட அதிகமாக இருந்தால் தியாகம் நிலைக்கும். அப்படியானால் முதலில் தெரிய வேண்டியது உறவின் அளவு. கூட்டுக்குள் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். மரபணுக் குறிப்பான்கள் இங்கேதான் தேவைப்பட்டன.

முதலில் வந்தது நொதிகளை வைத்துச் செய்த சோதனை. சிலந்தியை அரைத்து, அதன் சாற்றை மாவுச்சத்துக் கூழ் போன்ற ஒரு தளத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒரே நொதியின் வெவ்வேறு வடிவங்கள் அவற்றின் மின்னூட்டத்துக்கு ஏற்ப வெவ்வேறு தூரம் ஓடி நிற்கும். சாயமிட்டால் கோடுகளாகத் தெரியும். தாயிடமிருந்து ஒரு வடிவமும் தகப்பனிடமிருந்து வேறொரு வடிவமும் பெற்ற உயிரிக்கு இரண்டும் சேர்ந்த கோடுகள். இருவரிடமிருந்தும் ஒன்றையே பெற்றதற்கு ஒற்றைக் கோடு. ஓர் ஊரில் இரண்டு வடிவங்களும் சரிபாதியாக இருந்து, எல்லோரும் எல்லோரோடும் கலந்து இணைசேர்ந்தால், பாதிப்பேரிடம் இரண்டு வடிவங்களும் இருக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட அது குறையக் குறைய, உறவுக்குள்ளேயே இணைசேர்வது அதிகம் என்று பொருள்.

1985-இல் லூபினும் ராஸ் குரோசியரும் நியூ கினியின் வாவ் பகுதியில் வாழும் ஒரு சமூகச் சிலந்தியில் இதைச் செய்துபார்த்தார்கள். 1988-இல் ரோலோஃப்ஸும் சூசன் ரிசர்ட்டும் மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டின் அகெலினா கன்சோசியாட்டாவில் செய்தார்கள். 1994-இல் டெபோரா ஸ்மித்தும் மைக்கேல் எங்கலும் நம் சரசினோரத்தில் செய்தார்கள். கண்டம் மாறியது, குடும்பம் மாறியது, கண்டது மாறவில்லை. கூட்டுக்குள் வேறுபாடு மிகக் குறைவு. இருக்கும் வேறுபாடெல்லாம் கூட்டுக்கும் கூட்டுக்கும், ஊருக்கும் ஊருக்கும் இடையில்தான். அண்ணன் தங்கைகள் தமக்குள்ளேயே இணைசேர்கின்றன, அவற்றின் பிள்ளைகளும் அப்படியே, தலைமுறை தலைமுறையாக.

தாய்மாமனையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்தக் கணக்கு முற்றிலும் அந்நியமில்லை. ஒரு குழந்தை குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரு பிரதிகளையும் ஒரே முன்னோரிடமிருந்து பெறும் வாய்ப்பு, மாமன் மகள் - அத்தை மகன் மணத்தில் 6.25 சதவீதம், மாமன் - அக்காள் மகள் மணத்தில் 12.5 சதவீதம். அண்ணன் தங்கை சேர்ந்தால் 25. அதையே தலைமுறைதோறும் தொடர்ந்தால் மூன்றாம் தலைமுறையில் 50, பத்தாம் தலைமுறையில் சுமார் 89, இருபதாம் தலைமுறையில் 98.6 சதவீதம். ஆய்வகங்களில் மருந்து பரிசோதிக்க வளர்க்கும் ‘ஒரே மாதிரி’ சுண்டெலிகள் இப்படித்தான் உருவாக்கப்படுகின்றன. அண்ணன் தங்கைக் கலப்பு தொடர்ந்து 20 தலைமுறை நடந்தால்தான் அதைத் தூய வம்சம் என்று ஒப்புக்கொள்வார்கள். ஸ்டெகோடைஃபஸின் சமூக இனங்களுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. கூட்டில் பல தாய்கள் இருப்பதால் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மனிதர் எலிகளைப் பிடித்துக் கட்டாயப்படுத்திச் செய்ததை, இந்தச் சிலந்திகள் முட்புதரில் தாமாகவே செய்துகொண்டிருக்கின்றன.

நொதிச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. டி.என்.ஏ.வில் உள்ள பல மாற்றங்கள் நொதியின் மின்னூட்டத்தை மாற்றுவதில்லை. அவை கண்ணில் படாமலே போய்விடும். ஒருவேளை வேறுபாடு இருந்தும் நமக்குத்தான் தெரியவில்லையோ என்ற சந்தேகம் நியாயமானது. பிறகு வந்த முறைகள் இன்னும் நுட்பமானவை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வரும். அதை வைத்து 2002-இல் டுமிகோலாவை ஆராய்ந்தபோது, கூடுகள் ஒற்றைத் தாய்வழியாகவே பெருகுகின்றன என்று தெரிந்தது. மைக்ரோசாட்டிலைட் என்பது டி.என்.ஏ.வில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம். ஒரு சிலந்தியில் பன்னிரண்டு முறை, இன்னொன்றில் பதினைந்து முறை என்று எண்ணிக்கை எளிதில் மாறும். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பிசிஆர் முறையில் அந்த இடத்தைப் பெருக்கி நீளத்தை அளந்துவிடலாம். தகப்பனைக் கண்டறிவதற்கு மிகவும் நம்பப்படும் குறிப்பான் இதுதான். ஆனால் தாயின் கணவனும் தாயின் அண்ணனும் ஒருவரே என்றால், அவர்களுடைய மற்ற சகோதரர்களும் அதே வடிவத்தைத் தாங்கியிருந்தால், எந்தக் குறிப்பான் யாரைக் காட்டும்? கடைசியாக, மரபணுத் தொகுப்பு முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் படிக்கும் முறை வந்தது. அதை வைத்து விர்ஜினியா செட்டெபானி, பில்டெ உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு சந்தேகத்தைத் தீர்த்தது: தனித்து வாழும் நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டால் சமூக இனங்களின் மரபணு வேறுபாடு பல மடங்கு குறைவு. கூட்டளவில் மட்டுமல்ல, முழு இனத்தின் அளவிலும்.

இந்த ஏழ்மையால் ஓர் ஆதாயமும் கிடைத்தது. 2014-இல் மிமோசாரத்தின் மரபணுத் தொகுப்பு வரிசைப்படுத்தப்பட்டது. சிலந்திகளில் அதுவே முதல். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கிழிந்த துண்டுகளை ஒட்டும் வேலை எளிதாகியது.

இப்போது ஹாமில்டனின் கணக்குக்குத் திரும்பலாம், ஏனென்றால் பலரும் தவறவிடும் இடம் இது. ‘கூட்டில் எல்லோரும் நெருங்கிய உறவு, அதனால் ஒத்துழைக்கிறார்கள்’ என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் உறவு என்பது ஒப்பீட்டில் பிறக்கும் எண். இரண்டு பேர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து, சுற்றியிருப்பவர்கள் சராசரியாக எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் கழித்துத்தான் அந்த எண்ணைப் பெறுகிறோம். பக்கத்து ஊர்க் கூடுகளோடு ஒப்பிட்டால் ஒரு கூட்டின் சிலந்திகளுக்குள் உறவு ஏறக்குறைய ஒன்று. கூட்டுக்குள்ளேயே ஒப்பிட்டால் பூஜ்யம். எல்லோரும் சமம் என்கிறபோது எவரும் எவருக்கும் கூடுதல் உறவு இல்லை. தரவு ஒன்றே, விடை இரண்டு. ஆகவே ‘என் தங்கைக்கு ஊட்டுவேன், அடுத்தவள் பிள்ளைக்கு ஊட்டமாட்டேன்’ என்ற பாகுபாட்டுக்கு இந்தக் கூட்டில் இடமே இல்லை. என் கணிப்பில், உறவு இவர்களை ஒன்றுசேர்த்தது உண்மை. ஒன்றுசேர்ந்தபின் இவர்களைப் பிடித்து வைத்திருப்பது உறவு மட்டுமல்ல, பெரிய வலையும் பெரிய இரையும் தனியே போனால் வரும் சாவும்தான்.

உறவு ஒன்றுசேர்த்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? தனித்து வாழும் அண்டை இனமான ஸ்டெகோடைஃபஸ் லீனியாட்டஸை வைத்து. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இதன் குஞ்சுகள் தாயைத் தின்று முடித்தபின் சில காலம் ஒன்றாக இருந்து, பிறகு பிரிந்துபோகும். இங்கே குறிப்பான்கள் வாய் திறந்து பேசும், ஏனென்றால் வேறுபாடு இருக்கிறது. 2005-இல் பில்டெ, லூபின் உள்ளிட்டோர் ஆண்களுக்கு அடையாளமிட்டு விட்டார்கள். மீண்டும் கிடைத்தவற்றில் ஏறத்தாழ பாதி ஆண்கள் 5 மீட்டர்கூடப் போகவில்லை. பிறந்த இடத்திலேயே இணைசேர்ந்தன. அடுத்தடுத்து வாழும் சிலந்திகள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் என்பதை டி.என்.ஏ. ரேகை உறுதிசெய்தது. அண்ணன் வந்தாலும் அயலான் வந்தாலும் பெண் பேதம் பார்க்கவில்லை. அண்ணன் தங்கைக்குப் பிறந்த குஞ்சுகள் பொரிந்தன, பிழைத்தன. ஆனால் மெதுவாக வளர்ந்தன, சிறுத்துப்போயின. உறவுக்குள் இணைசேர்வதை ஓரளவு தாங்கிக்கொள்ளும் உடல், கூடி வாழ்வதற்கு முன்பே தயாராக இருந்தது என்பதற்கு இது சாட்சி.

2008-இல் யூட்டா ஷ்னைடரும் பில்டெயும் செய்த சோதனை இன்னும் அழகானது. சிலந்தி இரையை மெல்லாது. செரிமான நீரை இரைக்குள் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். பல சிலந்திகள் ஒரே இரையைத் தின்னும்போது, நீரைச் செலுத்துவது பொதுச் செலவு, உறிஞ்சுவது தனி வரவு. ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர்வாரும்போது நழுவிவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் குடத்தோடு வருபவர் இங்கேயும் இருக்கலாம் அல்லவா? லீனியாட்டஸ் குஞ்சுகளைத் தாய் மாற்றி வளர்த்து, உடன்பிறந்தவை, உடன் பிறக்காமல் சேர்ந்து வளர்ந்தவை, இரண்டும் இல்லாதவை என்று குழுக்களாக்கி இரை கொடுத்தார்கள். ஒரே இரையிலிருந்து அதிகம் எடுத்து நன்றாக வளர்ந்தவை உடன்பிறந்த குழுக்களே. சேர்ந்து வளர்ந்த பழக்கம் பயன்படவில்லை. இரத்த உறவுதான் பயன்பட்டது.

எல்லாச் சமூகச் சிலந்தியும் இதே பாதையில் போனதாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மரப்பட்டைக்கு அடியில் வாழும் டெலினா கான்செரிடெஸ் என்ற வேட்டைச் சிலந்திக்கு வலையே இல்லை. ஒரு தாயும் அதன் பல பருவத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும். அயலாரைக் கண்டால் சண்டைக்குப் போகும். குடும்பம் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2009-இல் எரிக் யிப், லிண்டா ரேயர் ஆகியோர் நொதிக் குறிப்பான்களை வைத்துப் பார்த்தபோது, சில கூடுகளில் தாய்க்குச் சம்பந்தமே இல்லாத பிள்ளைகள் ஒண்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த இனம் உறவுக்கு வெளியேதான் இணைசேர்கிறது.

உறவுக்குள் இணைசேர்வதன் இன்னொரு விளைவு ஆண்களின் எண்ணிக்கை. சமூகச் சிலந்திக் கூடுகளில் பெண்கள் பத்துக்கு ஆண் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். தங்கைகளோடு சேர்வதற்கு அண்ணன்கள் தமக்குள் போட்டியிடும் இடத்தில், அதிக மகன்களைப் பெறுவது தாய்க்கு வீண் செலவு. ஹாமில்டன் 1967-இல் இதையும் கணக்கிட்டிருந்தார். ஆண்கள் பிறந்து சாகின்றனவா, பிறப்பதே குறைவா? ஈக்வடாரைச் சேர்ந்த லெடிசியா அவிலெஸ், வேய்ன் மேடிசனுடன் சேர்ந்து 1991-இல் அனெலோசிமஸ் பேரினத்துச் சமூகச் சிலந்திகளின் கருக்களில் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். முட்டையிலேயே பெண்கள்தான் அதிகம். சிலந்திகளில் பெண் பிள்ளைக்கான விந்தணு, ஆண் பிள்ளைக்கான விந்தணு என்று இரு வகை உண்டு, பொதுவாகச் சரிபாதி. டுமிகோலா ஆண்கள் பெண் பிள்ளைக்கான விந்தணுக்களையே அதிகம் உற்பத்தி செய்கின்றன என்று 2018-இல் பிராம் வந்தோர்னவுட்டும் பில்டெயின் குழுவினரும் கண்டறிந்தார்கள். தாய் தீர்மானிப்பதாக நெடுங்காலம் எண்ணியிருந்த விஷயம் தகப்பனின் உடலில் நடந்துகொண்டிருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வியப்பளித்த கண்டுபிடிப்பு இது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 முதல், சமூகச் சிலந்திகளின் ‘தனிக்குணம்’ பற்றிய பல கட்டுரைகள், தரவுகளில் கோளாறு தெரிந்ததால் திரும்பப் பெறப்பட்டன. மேலே சொன்ன மரபணு முடிவுகள் அந்தத் தரவுகளைச் சார்ந்தவை அல்ல. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில், பல குழுக்கள் தனித்தனியாகக் கண்டவை.

அப்படியானால் ஒரு கூட்டின் இரத்தம் எப்போதும் வெளியே போவதில்லையா? போகிறது, ஆனால் இணைசேர்ந்தபின். டுமிகோலாவின் பெண்கள் வயிற்றில் அண்ணனின் விந்தைச் சேமித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைக் காற்றில் விட்டு, அதில் தொங்கியபடியே பறந்துபோவதை 2001-இல் பதிவு செய்தார்கள். இவ்வளவு பெரிய சிலந்தி பறக்காது என்பதே அதுவரை பொதுக்கருத்து. ஆக, புதிய இடத்தில் தொடங்குவதும் பழைய குடும்பத்தின் கிளையே. அத்தகைய தனிப்பெண்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். வளர்ந்த கூடுகளும் எறும்பு, பூஞ்சை, பஞ்சம் என்று ஏதோ ஒன்றில் சில தலைமுறைகளில் அழியும். அந்த இடத்தில் வேறு கூட்டின் பெண் வந்து குடியேறும். செட்டெபானி, யெஸ்பர் பெக்ஸ்கார்ட், பில்டெ மூவரும் 2014-இல் நம் சரசினோரத்தில் கண்டதும் இதைத்தான்: ஊருக்கு ஊர் மரபணு தெளிவாக மாறுகிறது, ஆனால் அந்த வேறுபாட்டுக்கு ஆழமில்லை. பிரிந்து வெகுகாலம் ஆகவில்லை. அழிவதும் குடியேறுவதும் மாறி மாறி நடப்பதால் இனம் முழுவதும் திரும்பத் திரும்ப ஒரே நிறத்துக்கு வந்துவிடுகிறது.

வெளி இரத்தம் கலந்தால் நன்மை உண்டா? டுமிகோலா பெண்களை அண்ணனோடும், அதே ஊரின் வேறு கூட்டு ஆணோடும், தொலைவூர் ஆணோடும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. பிள்ளைகளின் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. தொலைவூர்க் கலப்பில் முட்டை பொரிவது குறைந்தது. கெட்ட மரபணுக்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டதாலோ, கலக்க வேறுபாடே மிச்சமில்லாததாலோ, வெளிச் சம்பந்தம் இவர்களைக் காப்பாற்றும் நிலையில் இல்லை.

சிலந்திகளின் வம்ச மரத்தைப் பார்த்தால் சமூக இனங்கள் அங்கங்கே கிளைகளின் நுனியில் இருக்கின்றன. அவற்றிலிருந்து புதிய கிளைகள் பிரிந்து செழித்ததற்கு அடையாளம் அரிது. பலமுறை தோன்றியிருக்கின்றன, நீண்ட காலம் நிலைக்கவில்லை. குறுகிய காலத்துக்கு இலாபமும் நீண்ட காலத்துக்கு முட்டுச்சந்துமான வாழ்க்கை என்று பல ஆய்வாளர்கள் சொல்வதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

இப்படிப்பட்ட இனம் பிழைத்திருப்பது மரபணு வளத்தால் அல்ல, அழியும் கூடுகளைவிடச் சற்று அதிகமாகப் புதுக்கூடுகள் தோன்றுவதால் மட்டுமே. அதற்கு ஒரு முட்புதரிலிருந்து காற்று கொண்டுசேர்க்கும் தூரத்தில் இன்னொரு முட்புதர் இருக்க வேண்டும். அரசின் நிலக் கணக்கில் அந்தப் புதர்க்காட்டுக்குத் தரிசு என்று பெயர். மனை போடவும் சோலார் தகடு பதிக்கவும் முதலில் கைவைக்கும் நிலமும் அதுவே. வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தச் சாம்பல் நிறக் கூட்டுக்குத் தீ வைக்கும் முன், உள்ளே இருப்பது மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு குடும்பம் என்பதை நினைத்து, விட்டுவிடுங்கள்.